வாயு வேறு, குழாய் வேறு: அமெரிக்க எரிவாயுத் துறைக்குள் போட்டி நுழைந்த விதம்

1960-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி மின்விசை ஆணையம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. ஊழியர் எண்ணிக்கையை உடனே மூன்று மடங்காக்கினாலும், எரிவாயு உற்பத்தியாளர்களின் விலை மனுக்களில் தேங்கிக் கிடப்பதைத் தீர்த்து முடிக்க 2043 ஆகிவிடும் என்றது. வேலையின் தன்மை அப்படி. டெக்ஸாஸிலும் லூசியானாவிலும் ஓக்லஹோமாவிலும் ஆயிரக்கணக்கான உற்பத்தியாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செலவைக் கணக்கிட்டு, நியாயமான லாபம் சேர்த்து, விலை நிர்ணயிக்க வேண்டும்.

அந்தச் செலவைக் கணக்கிடுவதே பெரும் சிக்கல். ஒரே கிணற்றில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வந்தால் தோண்டிய செலவில் எவ்வளவு எண்ணெய்க்கு, எவ்வளவு வாயுவுக்கு? பத்து இடத்தில் தோண்டி எட்டு வறண்டு போனால், அந்த எட்டின் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? மின்நிலையத்துக்கும் ரயில் பாதைக்கும் பொருந்துகிற செலவுக் கணக்கு முறை கிணற்றுக்குப் பொருந்தவில்லை.

ஆணையம் இந்தப் பொறுப்பைத் தேடிப் போகவும் இல்லை. 1938-ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டம், மாநில எல்லை தாண்டும் குழாய்களின் கட்டணத்தைக் கட்டுப்படுத்தவே வந்தது. குழாய் இயல்பிலேயே ஏகபோகம். ஒரு நகரத்துக்கு ஒரு குழாய் வந்துவிட்டால் அதன் பக்கத்திலேயே இன்னொன்றைப் பதிக்க யாரும் முதலீடு செய்யமாட்டார்கள். கிணற்றில் வாயு எடுப்பவர் நிலை வேறு. அங்கே போட்டி உண்டு. அந்த வேறுபாட்டை உணர்ந்துதான் ஆணையமும் உற்பத்தியாளர்களை விட்டு ஒதுங்கியிருந்தது. 1954-இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லை தாண்டப்போகும் வாயுவின் கிணற்றடி விலையும் ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. அடுத்த முப்பது ஆண்டுக் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கே தொடங்குகிறது.

தனித்தனி மனுக்களைக் கைவிட்டு, ஆணையம் வட்டாரம் வட்டாரமாக விலை வைக்கப் பார்த்தது. முதல் வட்டாரமான பெர்மியன் படுகைக்கான விசாரணை 1960-இல் தொடங்கி, 1965-இல் ஆணையத்தின் முடிவு வந்து, 1968-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அதற்குள் அந்த விலைக்கு ஆதாரமான செலவுக் கணக்கு பழையதாகிவிட்டது. நாட்டின் சராசரிக் கிணற்றடி விலை 1970-இல் ஆயிரம் கன அடிக்கு 17 சென்ட். இந்த விலைக்கு எரிக்க எல்லாருக்கும் ஆசை. புதிதாகத் தேடித் தோண்ட யாருக்கும் ஆசையில்லை.

கட்டுப்பாடு மாநில எல்லை தாண்டும் வாயுவுக்கு மட்டும்தான். டெக்ஸாஸில் எடுத்து டெக்ஸாஸிலேயே விற்றால் கூடுதல் விலை கேட்கலாம். ஆகவே புதிய வாயு மாநிலத்துக்குள்ளேயே தங்கியது. வடக்கே ஓஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் பற்றாக்குறை முற்றியது. 1976–77 கடுங்குளிரில் அந்த மாநிலங்களில் பள்ளிகளும் ஆலைகளும் மூடப்பட்டன. பதவியேற்றுச் சில நாட்களே ஆன ஜனாதிபதி கார்ட்டர், 1977 பிப்ரவரி 2 அன்று அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் பழைய ஆணையத்தின் இடத்துக்குக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக ஃபெர்க், வந்தது.

விலையை மட்டும் தளர்த்தினால் என்ன ஆகும்

1978 நவம்பரில் வந்த இயற்கை எரிவாயுக் கொள்கைச் சட்டம் தளர்வின் முதல் படி. படிப்படியாகப் போவோம் என்ற எண்ணத்தில் வாயுவை இருபதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்தார்கள். பழைய வாயுவுக்குப் பழைய விலை. புதிய வாயுவுக்கு மாதாமாதம் ஏறும் உச்சவரம்பு. அதிலும் பெரும்பகுதிக்கு 1985 ஜனவரியில் கட்டுப்பாடு நீங்கும். 15,000 அடிக்குக் கீழிருந்து எடுக்கும் ஆழ்கிணற்று வாயுவுக்கு 1979 முதலே கட்டுப்பாடில்லை. வேதியியலில் எல்லாம் ஒரே மீத்தேன்தான்; எந்தக் கிணற்றில், எந்த ஆண்டில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறியது.

கவனிக்க வேண்டியது, அன்றைய குழாய் நிறுவனம் வெறும் சுமப்பாளர் அல்ல, வியாபாரியும் கூட. கிணற்றில் வாங்கி, நகர விநியோக நிறுவனத்துக்கு விற்கும். வாங்கிய எல்லா வாயுவின் விலையையும் சராசரி போட்டு ஒரே விலையாக வசூலிக்கும். ஆகவே பழைய மலிவு வாயு யாரிடம் அதிகம் இருந்ததோ, அவர் புதிய வாயுவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை கேட்டு வாங்க முடிந்தது. ஆழ்கிணற்று வாயுவுக்கு எட்டு, ஒன்பது டாலர் கொடுத்தாலும் சராசரியில் கரைந்துவிடும். 1977-இன் பற்றாக்குறை பயம் மனத்தில் இருக்க, எல்லாரும் இருபது ஆண்டு ஒப்பந்தங்களில் பாய்ந்து கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தங்களில் இருந்ததுதான் ‘டேக் ஆர் பே’ விதி: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம். ஒரு கிணறு நாளுக்கு 100 அலகு தர முடியும், அதில் 80 விழுக்காட்டுக்குக் குழாய் நிறுவனம் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். தேவை 50 அலகாகக் குறைந்தால், எடுக்காத 30 அலகுக்கும் காசு கட்ட வேண்டும். எடுக்காததைப் பின்னால் ஈடுகட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். தேவையே திரும்பாதபோது அந்த உரிமையால் பயனில்லை.

1982-இல் பொருளாதாரம் சுருங்கியது. எண்ணெய் விலையும் இறங்கத் தொடங்கியது. இரண்டு எரிபொருளிலும் ஓடும் கொதிகலன் வைத்திருந்த ஆலைகள் எண்ணெய்க்கு மாறின. நிலையான செலவு மிஞ்சிய வாடிக்கையாளர்கள் தலையில் விழுந்தது; விலை மேலும் ஏற, மேலும் பலர் வெளியேறினார்கள். சராசரிக் கிணற்றடி விலை 1978-இல் 91 சென்டாக இருந்தது, 1984-இல் 2.66 டாலர் ஆனது. அதுவும் நாடெங்கும் வாயு மிஞ்சிக் கிடந்த காலத்தில். இன்னொரு கோணலும் உண்டு. விலை கூடிய ஒப்பந்தங்களில்தான் இந்த விதி இறுக்கமாக இருந்தது. ஆகவே எடுப்பதைக் குறைக்க வேண்டி வந்தபோது, குழாய் நிறுவனங்கள் மலிவான வாயுவை நிறுத்திவிட்டு விலை கூடியதைத் தொடர்ந்து எடுத்தன. விலையைத் தளர்த்திவிட்டு வாங்குபவரின் ஏகபோகத்தைத் தொடாமல் விட்டதன் விளைவு இது. போட்டி என்று சொல்லத்தக்க எதுவும் அதுவரை நடக்கவில்லை.

குழாயைத் திறந்த உத்தரவுகள்

முதல் விரிசல் 1984-இல். ஃபெர்க்கின் 380-ஆம் உத்தரவு, நகர விநியோக நிறுவனங்கள் வாங்காத வாயுவுக்கும் குழாய் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியிருந்த குறைந்தபட்சக் கட்டணத்தின் வாயு விலைப் பகுதியை நீக்கியது. நகர நிறுவனங்கள் விடுபட்டன. குழாய் நிறுவனங்களோ கிணற்றடியில் கட்டுண்டே கிடந்தன. ஓடிப்போகும் ஆலைகளைத் தக்கவைக்க அவற்றுக்கு மட்டும் மலிவு வாயுவைச் சுமந்து தரும் தனித் திட்டங்களைக் குழாய் நிறுவனங்கள் கொண்டுவந்தன. போக வேறு வழியில்லாத வீட்டு வாடிக்கையாளர்களுக்கு அதில் இடமில்லை. மேரிலாந்து மாநிலத்தின் நுகர்வோர் வழக்கறிஞர் அலுவலகம் வழக்குத் தொடுக்க, 1985-இல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஏற்க மறுத்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் திருப்பம் இது. பெரிய வாடிக்கையாளருக்குத் திறக்கும் கதவு சின்ன வாடிக்கையாளருக்கும் திறக்க வேண்டும் என்பதைச் சந்தை தானாகச் சொல்லவில்லை. நுகர்வோர் தரப்பு வழக்காடிப் பெற்றது.

அந்த ஆண்டு அக்டோபரில் 436-ஆம் உத்தரவு வந்தது. பெயருக்கு அது விருப்பத்தின் பேரில்தான். ஆனால் பிறரின் வாயுவைச் சுமக்கப் பொது அனுமதி வேண்டும் என்றால், கேட்கிற எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசையில் சுமக்க வேண்டும். நகர நிறுவனம் தன் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிப்படியாகச் சுமைக்கூலி ஒப்பந்தமாக மாற்றிக்கொள்ளலாம். பழைய டேக் ஆர் பே கடனை யார் தலையில் கட்டுவது என்று அது சொல்லவில்லை. அந்தக் குறைக்காக 1987-இல் நீதிமன்றம் அதைத் திருப்பியனுப்பியது. 500-ஆம் உத்தரவு அந்த ஓட்டையை அடைக்க வந்தது. குழாய் நிறுவனம் தானே ஒரு பங்கை ஏற்றால், அதே அளவை வாடிக்கையாளர்களிடம் நிலையான கட்டணமாக வசூலிக்கலாம். மீதியைச் சுமக்கும் ஒவ்வொரு அலகின் மீதும் போடலாம். ஒரு உற்பத்தியாளர் தன் வாயுவை வேறொருவருக்கு விற்று அதே குழாயில் அனுப்பினால், அந்த அளவைப் பழைய கடனில் கழித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் தாங்க முடியாமல் கொலம்பியா எரிவாயு நிறுவனம் 1991 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கோரியது.

கிணற்றடி விலைக் கட்டுப்பாட்டை முழுமையாக நீக்கிய சட்டம் 1989 ஜூலையில் வந்தது. 1993 ஜனவரி 1-க்குள் மிச்சம் மீதியும் போய்விட்டது. அப்போது விலை ஏறவில்லை. 1990-இல் சராசரி 1.71 டாலர். குழாய் ஏற்கெனவே திறந்திருந்ததே காரணம்.

அப்படியானால் 1992 ஏப்ரலில் 636-ஆம் உத்தரவு எதற்கு? குழாய் நிறுவனம் தன் சொந்த வாயுவை விற்கும்போது சேமிப்புக் கிடங்கு, அழுத்தம், குளிர்நாள் உத்தரவாதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. வெளியாரின் வாயு பெரும்பாலும் ‘இடமிருந்தால் போகும்’ என்ற வகையில்தான் போனது. ஜனவரிக் குளிரில் இடம் இருக்காது. கூலி ஒன்றாக இருந்தாலும் சேவை ஒன்றாக இல்லை. 636 இதைத்தான் வெட்டியது. குழாய் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு தனியாக வேண்டும். அது வாயுவை விற்பது குழாயின் தொடக்கத்திலேயே முடிய வேண்டும். அங்கிருந்து எல்லார் வாயுவும் ஒரே தரத்தில் போக வேண்டும். சேமிப்புக் கிடங்கும் எல்லாருக்கும் பொது. எவ்வளவு இடம் காலி என்பதை மின்னணுப் பலகையில் வெளியிட வேண்டும். 1993 நவம்பர் குளிர்காலத்துக்குள் இது நடைமுறைக்கு வந்தது.

கட்டணம் கட்டும் முறையும் மாறியது. முன்பு குழாயின் நிலையான செலவில் ஒரு பகுதி ஓடும் வாயுவின் மேல் ஏற்றப்பட்டது. இனி நிலையான செலவு முழுவதும் முன்பதிவுக் கட்டணத்தில். கணக்காகப் பார்த்தால், நாளுக்கு 10,000 அலகு இடத்தை அலகுக்கு 40 சென்ட் வீதம் பதிவு செய்தவர், வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் தினமும் 4,000 டாலர் கட்ட வேண்டும். ஆண்டு முழுதும் 9,500 அலகு ஓட்டும் உர ஆலைக்கு அலகுக்கு 42 சென்ட்தான் வரும். குளிர்நாளுக்காகப் பதிவு செய்து, ஆண்டுச் சராசரியில் 4,000 அலகு மட்டும் ஓட்டும் நகர நிறுவனத்துக்கு அதுவே ஒரு டாலர் ஆகிறது. வடகிழக்கு மாநிலங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. இதற்கு மாற்றாகக் கொடுத்ததுதான் பதிவு செய்த இடத்தைப் பிறருக்கு உள்வாடகைக்கு விடும் உரிமை. கோடையில் காலியாகக் கிடக்கும் இடத்தை நகர நிறுவனம் விற்கலாம். கடுங்குளிர் வந்தால் திரும்பப் பெறும் நிபந்தனையும் போடலாம்.

ஒரு நாள் எப்படி ஓடுகிறது

வாயு நாள் அமெரிக்க மத்திய நேரப்படி காலை 9 மணிக்குத் தொடங்கும். நாளைய வாயுவை இன்று காலையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பகல் 1 மணிக்குள் நாமினேஷன் போக வேண்டும்: எந்த ஒப்பந்த எண், எந்த இடத்தில் உள்ளே விடுகிறோம், எங்கே எடுக்கிறோம், எவ்வளவு. வாயுவை அழுத்தித் தள்ளும் அமுக்கி நிலையங்கள் எரிக்கும் வாயுவைக் குழாய் நிறுவனம் சரக்காகவே பிடித்துக்கொள்ளும். பிடிப்பு 2 விழுக்காடு என்றால், 10,000 அலகு எடுக்க 10,204 அலகு உள்ளே விட வேண்டும். புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. தருபவரும் பெறுபவரும் ஒரே அளவை உறுதி செய்யாவிட்டால் இரண்டில் சிறியதுதான் நிற்கும். மாலை 5 மணிக்கு அட்டவணை வரும். பிறகு மாலை 6 மணிக்கு ஒரு திருத்தம், மறுநாள் காலை 10, பிற்பகல் 2.30, இரவு 7 என மூன்று திருத்தங்கள். கடைசித் திருத்தத்தில், முன்பதிவுக் கட்டணம் கட்டி உறுதி இடம் வைத்திருப்பவர் கூட ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ‘இடமிருந்தால் போகும்’ வாயுவைத் தள்ள முடியாது.

மின்சாரத்தைப் போல நொடிக்கு நொடி சமன் செய்ய வேண்டியதில்லை. அழுத்தத்தைக் கூட்டிக் குழாய்க்குள்ளேயே கொஞ்சம் அடைத்து வைக்கலாம். அந்த இருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாரும் விட்டதைவிட அதிகம் எடுத்தால் குழாயின் கடைசியில் இருப்பவருக்கு அழுத்தம் விழும். அப்போது குழாய் நிறுவனம், அளவு தவறாமல் ஓட்டும்படி இயக்க உத்தரவு போடும். மீறினால் சந்தை விலையைப் போலப் பல மடங்கு அபராதம்.

விலைக்கு அடையாளக் கல்லாக நிற்பது லூசியானாவின் எராத் ஊரில் பல குழாய்கள் கூடும் ஹென்றி ஹப். 1990 ஏப்ரலில் நியூயார்க் வணிகப் பரிவர்த்தனை மையம் அங்கே ஒப்படைக்கும் முன்பேர ஒப்பந்தத்தைத் தொடங்கியது; ஒரு ஒப்பந்தம் 10,000 எம்எம்பிடியு (பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு; வாயுவை அதன் வெப்பத்தால் அளக்கும் அளவு). மற்ற இடங்களின் விலை இதிலிருந்து கூடியோ குறைந்தோ பேசப்படும். அந்த வித்தியாசம் குழாயில் இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். மேற்கு டெக்ஸாஸின் வாஹாவில் 2019-இலும் 2024-இலும் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை வெளியே கொண்டுபோக இடமில்லாததால், எடுத்துப் போங்கள் என்று உற்பத்தியாளர் காசு கொடுத்தார்.

எங்கே சறுக்கியது

2000 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே எல் பாசோ நிறுவனத்தின் குழாய் வெடித்து 12 பேர் இறந்தார்கள். கலிபோர்னியாவுக்கு வாயு போகும் குழாய் இடமும் குறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் தெற்குக் கலிபோர்னிய எல்லையில் விலை 50 டாலரைத் தாண்டியது. அந்தக் குழாயின் பெரும் பங்கு இடத்தை எல் பாசோவின் சொந்த வணிகப் பிரிவே பதிவு செய்து வைத்திருந்தது. இடத்தை வேண்டுமென்றே பதுக்கியதாக வந்த வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமல், 2003-இல் சுமார் 170 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பிரித்துவிட்டோம் என்று தாளில் எழுதினாலும், ஒரே முதலாளியின் இரு கைகள் பேசிக்கொள்வதைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. வர்த்தகர்கள் விலைப் பட்டியல் வெளியீடுகளுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததும் அதே ஆண்டுகளில் வெளிவந்தது. 2005 சட்டம் ஃபெர்க்குக்கு, ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம் போடும் அதிகாரம் தந்தது.

வீட்டு வாசல் வரை போட்டியைக் கொண்டுபோனது ஜார்ஜியா. அங்கே அட்லாண்டா எரிவாயு நிறுவனம் விற்பனையை விட்டுக் குழாய்க்காரராக மட்டும் நின்றது. 1998 முதல் குடும்பங்கள் தாமே விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காதவர்களை விற்பனையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பில் மாதக்கணக்கில் வராமல் போய் மொத்தமாக வந்தது. 2000–01 குளிரில் விலை ஏறியபோது பலருக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. 2002-இல் வந்த திருத்தச் சட்டம், ஏழைக் குடும்பங்களுக்காக ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஒரு விற்பனையாளரைத் திரும்ப வைத்தது. ஆலைக்கு வாயு வாங்க ஒரு கொள்முதல் அதிகாரி இருக்கிறார். அடுப்பும் ஹீட்டரும் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் சில டாலர் சேமிக்க ஒப்பந்தப் பொடியெழுத்தைப் படிக்க நேரமில்லை. வீட்டு வாடிக்கையாளரை இப்படிக் கட்டாயப்படுத்தியது தவறு என்பதே என் கருத்து.

எல்லாவற்றிலும் கடுமையான சோதனை 2021 பிப்ரவரியில் வந்தது. டெக்ஸாஸையும் ஓக்லஹோமாவையும் உறைய வைத்த யூரி பனிப்புயல் வந்த வார இறுதி, திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஆகவே சனி முதல் செவ்வாய் வரையிலான நான்கு நாள் வாயு வெள்ளிக்கிழமை காலையிலேயே பேசி முடிக்கப்பட்டது. வாரக் கடைசியில் கிணற்று முகப்புகள் உறைந்து உற்பத்தி சரிந்தபோது, புதிதாக வாங்கச் சந்தையே அநேகமாக இல்லை. ஓக்லஹோமாவின் ஒரு சந்திப்பில் எம்எம்பிடியு விலை 1,000 டாலரைத் தாண்டியது. குழாயில் உறுதி இடம் வைத்திருந்தவர்களுக்கும் உள்ளே விட வாயு இல்லை. விற்றவர்கள் இயற்கைச் சீற்ற விதியைக் காட்டி விலகினார்கள். மின்வெட்டுப் பட்டியலில் சில எரிவாயு நிலையங்களின் மின்சாரமும் சேர்ந்து போக, வாயு மேலும் குறைந்தது. பிந்தைய விசாரணையில், மின்நிலையங்கள் நின்றதற்கு உறைபனிக்கு அடுத்த பெரிய காரணம் எரிபொருள் கிடைக்காததே என்று தெரிந்தது.

இதில் ஒரு கட்டமைப்புக் குறை உண்டு. பழைய முறையில் குளிர்நாளில் வாயு வராவிட்டால் கேட்க ஒரு ஆள் இருந்தார்: குழாய் நிறுவனம். பிரித்த பிறகு கிணற்றுக்காரர், சேகரிப்பவர், குழாய்க்காரர், வர்த்தகர், நகர நிறுவனம் என ஒவ்வொருவருக்கும் தன் ஒப்பந்த அளவுக்கே பொறுப்பு. கிணற்றைக் குளிர்தாங்க வைக்கச் சொல்லும் அதிகாரம் ஃபெர்க்கிடம் இல்லை. டெக்ஸாஸ் அதே ஆண்டில் தன் மாநிலச் சட்டத்தால் முக்கிய எரிவாயு வசதிகளுக்கு அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது.

இந்தச் சந்தையின் விலை இப்போது இந்தியாவிலும் நுழைகிறது. லூசியானாவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை 20 ஆண்டுகளுக்கு வாங்க, இந்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் 2011-இல் ஒப்பந்தம் போட்டது; சரக்கு 2018-இல் வரத் தொடங்கியது. விலை, ஹென்றி ஹப் விலையில் 115 விழுக்காடும், அதன்மேல் எம்எம்பிடியுவுக்கு 3 டாலர் நிலையான கட்டணமும். ஹென்றி ஹப் 2 டாலர் என்றால் கப்பலேறும்போது 5.30, அதுவே 6 டாலர் என்றால் 9.90. கப்பல் கூலி தனி. சரக்கு வேண்டாம் என்று விட்டாலும் அந்த 3 டாலரைக் கட்டியே ஆக வேண்டும். குழாய் முன்பதிவின் அதே தர்க்கம் கடல் தாண்டியிருக்கிறது.

நம்மிடம் 2006 சட்டத்தால் அமைந்த ஒழுங்குமுறை வாரியமும், 2020 முதல் எரிவாயுப் பரிவர்த்தனை மையமும் உண்டு. ஆனால் நாட்டின் மிகப் பெரிய குழாய்க்காரரும் மிகப் பெரிய வாயு விற்பனையாளரும் இன்னும் ஒரே நிறுவனம்: கெயில். அதன் இரு பிரிவுகளுக்கும் இடையே நடத்தை விதிகள் இருக்கின்றன. 636 செய்த அளவுக்கு முழுமையான பிரிப்பு இல்லை. பரிவர்த்தனை மையத்தில் மலிவாக வாங்கிய ஒரு சிறு ஆலை அடுத்து கெயிலிடம்தான் குழாயில் இடம் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது.